மண்ணளந்த கணக்கு

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. பொன்னை நிறுக்கத் தராசு உண்டு. துணிக்கு முழக்கோல் உண்டு. ஆயின், ஒரு குளம் வெட்டும்போது எடுக்கப்படும் மண்ணை எதைக்கொண்டு அளப்பது? ஆற்றங்கரையை உயர்த்தக் கொட்டப்படும் மண்ணை எந்தத் தராசில் ஏற்றுவது? பெருங்கட்டட வேலைகளுக்கு வேண்டிய மண்ணும் மணலும் கல்லும் எண்ணித் தீராதவை, நிறுத்து மாளாதவை. கோலாலும் கயிற்றாலும் சில நீளங்களை அளந்து, மற்றதைக் கணக்கால் அறிவதே மனிதன் கண்ட வழி.

இக்கணக்கு இருமுறை வேண்டப்படுகிறது. வேலை தொடங்குமுன், எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று திட்டமிடுவதற்கு ஒருமுறை. வேலை முடிந்தபின், உழைத்தவனுக்கு எவ்வளவு கூலி என்று தீர்ப்பதற்கு மற்றொருமுறை. முன்னது பிழைத்தால் வேலை பாதியில் நிற்கும். பின்னது பிழைத்தால் உழைத்தவன் வயிற்றில் அடி விழும். பழைய நாகரிகங்கள் பலவற்றின் கணித நூல்கள் மண்வேலைக்கெனத் தனியிடம் ஒதுக்கியிருப்பதில் வியப்பில்லை.

வையைக் கரையில் மண் சுமந்த திருவிளையாடலைத் தமிழர் அனைவரும் அறிவர். வெள்ளத்தால் உடைந்த கரையை அடைக்க, மதுரை மக்களுக்குப் பங்கு அளந்து விடப்பட்டது. வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. அதனாலன்றோ பிரம்படி விழுந்தது! பங்கு பிரித்து மண்வேலை வாங்கும் வழக்கம் இக்கதையின் அடித்தளமாக இருக்கிறது. கரையை நீளத்தால் பங்கிடுவது எளிது. ஆனால் உடைப்பு ஓரிடத்தில் முழங்கால் ஆழமும் மற்றோரிடத்தில் ஆளுயர ஆழமுமாக இருந்தால், ஒரே நீளம் ஒரே உழைப்பு ஆகுமா? ஆகாது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் கூடிய கன அளவே உழைப்பைக் காட்டும்.

களிமண் ஏட்டில் கூலிக் கணக்கு

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் பாபிலோனியர். டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளுக்கிடையே வாழ்ந்த அம்மக்களுக்குக் கால்வாயே உயிர். கி.மு. 2000க்கும் கி.மு. 1600க்கும் இடைப்பட்ட காலத்தில், எழுத்தர் பயிற்சிக்கென அவர்கள் களிமண் ஏடுகளில் எழுதிய கணக்குகள் பல இன்றும் உள்ளன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தொகுப்பிலுள்ள ஏடு ஒன்று முழுவதும் பள்ளம் தோண்டும் கணக்குகளையே கொண்டது.

அதன் முதற் கணக்கு இது: பள்ளத்தின் நீளம் 5 நிந்தன், அகலம் ஒன்றரை நிந்தன், ஆழம் அரை நிந்தன். ஓர் ஆள் ஒரு நாளில் தோண்டவேண்டிய மண் 10 கின். அவன் நாட்கூலி 6 சே வெள்ளி. பரப்பு, கன அளவு, ஆட்கள், வெள்ளி ஆகியவை எவ்வளவு?

நிந்தன் என்பது ஏறத்தாழ 6 மீட்டர். ஆகவே பள்ளம் 30 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் உடையது. மண்ணை அளக்கும் பேரளவை 'சார்' எனப்பட்டது. அஃது ஏறத்தாழ 18 கன மீட்டர். அதில் அறுபதில் ஒரு பங்கு 'கின்'. வெள்ளியின் நிறைக்கும் கின் என்ற பெயரே வழங்கியது. 180 சே கொண்டது ஒரு கின் வெள்ளி. இனி விடையைக் காணலாம். பரப்பு ஏழரை சார்; கன அளவு 45 சார்; ஆட்கள் 270; கூலி 9 கின் வெள்ளி.

இன்றைய அளவில் சொன்னால், மொத்த மண் 810 கன மீட்டர். ஓர் ஆளின் நாள் வேலை 3 கன மீட்டர். அவ்வளவு மண் ஏறத்தாழ 5 டன் எடை இருக்கும். அதைத் தோண்டியவனுக்கு 6 சே. அதே ஏட்டில் எண்களைத் திருப்பிப்போட்டு, 9 கின் வெள்ளியைத் தந்து பள்ளத்தின் நீளத்தைக் கேட்கும் கணக்கும் இருக்கிறது. மண், ஆள், வெள்ளி ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டத் தெரிந்தவனே அந்நாளில் எழுத்தன் எனப்பட்டான்.

ஆனால் இக்கணக்கில் பள்ளத்தின் சுவர்கள் செங்குத்தானவை. மண்ணும் ஒரே நிலையில் இருப்பது. உண்மையான மண் இவ்வளவு பணிவுடையதன்று. அது தரும் தொல்லைகள் இரண்டு. இடம் மாறினால் மண்ணின் அளவு மாறுகிறது என்பது ஒன்று. வெட்டிய பள்ளம் சரிந்த வடிவம் கொள்கிறது என்பது மற்றொன்று.

நான்கு, ஐந்து, மூன்று

முதல் தொல்லைக்கு எண்வடிவில் விடை தந்தவர் சீனர். ஹான் மரபினர் ஆண்ட காலத்தில் உருப்பெற்ற 'ஒன்பது அத்தியாயக் கணித நூல்' 246 கணக்குகளைக் கொண்டது. அதன் ஐந்தாம் அத்தியாயம் கட்டட வேலைகளைப் பற்றியது. மதில், கரை, அகழி, கால்வாய், தானியக் குவியல் ஆகியவற்றின் கன அளவு அங்கே கூறப்படுகிறது. அவ்வத்தியாயத்தின் வாயிலில் நிற்கும் விதி இது: தோண்டும் நிலத்தின் அளவு 4 ஆனால், உதிர்ந்த மண்ணின் அளவு 5, இடித்துக் கெட்டியாக்கிய மண்ணின் அளவு 3.

உடனே ஒரு கணக்கும் வருகிறது. 10,000 கன அடி நிலத்தைத் தோண்டினால் கெட்டி மண் எவ்வளவு? உதிரி மண் எவ்வளவு? கெட்டி மண் 7,500. உதிரி மண் 12,500. இங்கே அடி என்பது 'சீ' என்னும் சீன அடியாகும்.

தோண்டுகிறவன் முன்னால் இருப்பது 4. கூடையில் சுமப்பவன் தோளில் ஏறுவது 5. கரையில் கொட்டி மிதித்தபின் கண்ணுக்குத் தெரிவது 3. மூன்றும் ஒரே மண். கூலியை எந்த இடத்தில் அளப்பது? கரையில் அளந்தால் தோண்டியவன் தன் வேலையில் காற்பங்கை இழப்பான். கூடையை எண்ணித் தோண்டுகூலி கொடுத்தால் கொடுப்பவன் காற்பங்கு மிகுதியாகக் கொடுப்பான். எங்கே அளக்கப்படும் என்பதை முன்னரே பேசிக்கொள்ளாத உடன்படிக்கை வழக்கில்தான் முடியும்.

தமிழ்நாட்டு மனைநூல் வழக்கிலும் இவ்வறிவின் சாயல் உண்டு. வீடு கட்ட நிலம் தேரும்போது ஒரு முழக் குழி தோண்டி, அதே மண்ணால் குழியை மூடிப் பார்ப்பர். மண் மிஞ்சினால் மனை நன்று, சரியாக இருந்தால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதையிலும் இத்தேர்வு கூறப்பட்டுள்ளது. இதனை நற்குறி, தீக்குறி என்று கொள்வார் கொள்க. பொறியாளர் கண்ணுக்கு இது நிலத்தின் இறுக்கத்தை அறியும் தேர்வாகும். முன்பே இறுகிக் கிடந்த நிலத்தின் மண் மிஞ்சும். பொலபொலத்த நிலத்தின் மண் குறையும்.

சீன நூல் ஆளின் வேலையளவையும் ஒரே எண்ணாகக் கூறவில்லை. குளிர்காலத்தில் கரை கட்டும் கணக்கில் ஓர் ஆளுக்கு 444 கன அடி. இளவேனிலில் வாய்க்கால் வெட்டும் கணக்கில் 766; அதில் மண்ணை வெளியேற்றும் உழைப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு கழிவு. கோடையில் அகழி வெட்டும் கணக்கில் 871. அதிலும் ஐந்தில் ஒன்று கழிவு. அகழியில் மணலும் பரலும் நீரும் கல்லும் இருந்தமையால், எஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு கழிக்கப்படுகிறது. முடிவில் நிற்பது 232 கன அடியும் சிறிதுமே. கல்லும் நீரும் உள்ள இடத்தில் வெட்டுபவனிடம் மெல்லிய நிலத்தின் வேலையை எதிர்பார்ப்பது தகாது என்பதை அந்நூல் எண்ணால் எழுதிவைத்தது.

சரிவும் மூலையும்

இனி இரண்டாம் தொல்லை. மண் செங்குத்தாக நில்லாது. ஆதலால் குளமும் கிணற்றுப் பள்ளமும் மேலே அகன்று கீழே குறுகும். மேலும் கீழும் வேறுபட்டால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும் என்றே யாருக்கும் தோன்றும். நீண்ட கரைக்கும் கானுக்கும் அது சரியே. ஒன்பது அத்தியாய நூலில் கீழ் அகலம் 20 அடி, மேல் அகலம் 8 அடி, உயரம் 4 அடி, நீளம் 127 அடி உள்ள ஒரு கரை வருகிறது. சராசரி அகலம் 14. அதை 4ஆலும் 127ஆலும் பெருக்கினால் 7,112 கன அடி. இதில் பிழையில்லை; ஏனெனில் அகலம் மட்டுமே மாறுகிறது, நீளம் மாறவில்லை. நான்கு பக்கமும் சரிந்த குளத்தில் நீளமும் அகலமும் ஒருங்கே மாறுகின்றன. பிழை நுழைவது அங்கேதான்.

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். மேலே பக்கம் 4, கீழே பக்கம் 2, ஆழம் 6 உள்ள சதுரப் பள்ளம் ஒன்றைக் கொள்க. பக்கங்களின் சராசரி 3. 3 பெருக்கல் 3 பெருக்கல் 6 என்றால் 54. வேறொருவர் பரப்புகளைச் சராசரியாக்குவார். மேற்பரப்பு 16, அடிப்பரப்பு 4, சராசரி 10. ஆழம் 6ஆல் பெருக்க 60. எது சரி? இரண்டும் சரியல்ல. விடை 56. இதே எண்களைக் கொண்ட தலைவெட்டிய பிரமிடுக் கணக்கை ஏறத்தாழ கி.மு. 1850ஐச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரசு ஏடு ஒன்று சரியாகத் தீர்த்து 56 என்று விடை கூறுகிறது. அவ்வேடு இன்று மாஸ்கோவில் உள்ளது.

பிழை எங்கே ஒளிந்திருக்கிறது? பள்ளத்தைத் துண்டுகளாக்கிப் பார்த்தால் புலப்படும். நடுவே 2 பெருக்கல் 2 பெருக்கல் 6 அளவுள்ள நெடுங்கட்டி ஒன்று, அது 24. நான்கு பக்கத்திலும் ஆப்பு வடிவத் துண்டுகள் நான்கு. ஒவ்வொன்றும் 6, ஆக 24. நான்கு மூலையிலும் கூம்பிய துண்டுகள் நான்கு. ஒவ்வொன்றும் 2, ஆக 8. மொத்தம் 56. பக்கங்களைச் சராசரியாக்கியவர் மூலைகளை 8க்குப் பதில் 6 என்று கொண்டார். பரப்புகளைச் சராசரியாக்கியவர் 12 என்று கொண்டார். நெடுங்கட்டியிலும் ஆப்புகளிலும் இருவருக்கும் வேறுபாடு இல்லை. வழக்கெல்லாம் மூலையில்தான்! கி.பி. 263இல் ஒன்பது அத்தியாய நூலுக்கு உரை வரைந்த லியூ ஹுய், இவ்வாறே ஒரு கட்டி, நான்கு ஆப்பு, நான்கு கூம்பு எனப் பிரித்து அவ்விதியை விளக்கினார்.

கூம்பின் கன அளவு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கியதில் மூன்றில் ஒரு பங்கு. கி.பி. 499இல் தம் நூலை இயற்றிய ஆரியபட்டர் இதனைப் பாதி என்று கூறினார். வானியலில் பேரறிஞரான அவரும் இவ்விடத்தில் தவறினார். பரப்புகளைச் சராசரியாக்குபவர் மூலையில் செய்யும் பிழையும் இதுவேயாகும்.

பிரமகுப்தரின் திருத்தம்

ஆரியபட்டருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, கி.பி. 628இல் 'பிரமஸ்புட சித்தாந்தம்' இயற்றிய பிரமகுப்தர் பள்ளக் கணக்கைத் தனிப்பகுதியாக வைத்தார். அவர் இரு வழிகளையும் புறந்தள்ளவில்லை. பக்கங்களைச் சராசரியாக்கி வருவதை 'நடைமுறை அளவு' என்றார். பரப்புகளைச் சராசரியாக்கி வருவதைப் 'பருவளவு' எனத்தகும் பெயரால் குறித்தார். பின்பு, பருவளவிலிருந்து நடைமுறை அளவைக் கழித்து, மீதியை மூன்றால் வகுத்து, நடைமுறை அளவோடு கூட்டினால் நுண்ணளவு கிடைக்கும் என்றார்.

மேற்கண்ட பள்ளத்திலேயே இதனைப் பார்க்கலாம். நடைமுறை அளவு 54, பருவளவு 60. வேறுபாடு 6, அதில் மூன்றில் ஒன்று 2. 54உடன் 2 கூட்ட 56. நடைமுறையில் வழங்கிய இரு பிழைகளைக்கொண்டே உண்மையைப் பிடிக்கும் இவ்விதி, வேலைக்களத்தில் நிற்பவனுக்கும் மனத்தில் நிற்கும் எளிமை உடையது.

1150இல் பாஸ்கராச்சாரியார் இயற்றிய 'லீலாவதி' இதனை வேறொரு வடிவில் கூறுகிறது. வாயின் பரப்பு, அடியின் பரப்பு, இரண்டின் பக்கங்களையும் கூட்டி வரும் பரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்க வேண்டும். அதன் எடுத்துக்காட்டில் வாய் 12க்கு 10 முழம். அடி 6க்கு 5 முழம். ஆழம் 7 முழம். பரப்புகள் 120, 30, 270, கூட்டினால் 420, ஆறால் வகுக்க 70, ஏழால் பெருக்க 490 கன முழம். பிரமகுப்தர் வழியில் செய்தாலும் நடைமுறை அளவு 472½, பருவளவு 525, வேறுபாட்டில் மூன்றிலொன்று 17½, ஆக 490 என்றே வரும்.

ஒழுங்கற்ற பள்ளத்தையும் பாஸ்கரர் மறக்கவில்லை. நீளம் மூன்றிடத்தில் 10, 11, 12 முழம். அகலம் 6, 5, 7. ஆழம் 2, 4, 3. ஒவ்வொன்றையும் பலவிடத்தில் அளந்து சராசரி காண்க என்கிறார். 11, 6, 3 எனப் பெருக்க 198 கன முழம். அடுத்த பகுதி செங்கல் அடுக்கு. 18 விரல் நீளம், 12 விரல் அகலம், 3 விரல் உயரம் உள்ள செங்கல்லால் 8 முழ நீளம், 5 முழ அகலம், 3 முழ உயரம் அடுக்கினால் செங்கல் எத்தனை? வரிசை எத்தனை? 24 விரல் ஒரு முழம் ஆதலின், செங்கல் 2,560, வரிசை 24. மரம் அறுக்கும் கூலிக்கும் தானியக் குவியலுக்கும் தனித்தனிப் பகுதிகள் அந்நூலில் உண்டு.

இருப்புப்பாதை வந்தபின்

19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை உலகெங்கும் பரவியபோது, மண் அளவைக் கணக்கு முன்னொருபோதும் இல்லாத பெருமை பெற்றது. பாதை மேடு பள்ளம் பாராது ஒரே சீராகச் செல்லவேண்டும். மேட்டை வெட்டவேண்டும், பள்ளத்தைத் தூர்க்கவேண்டும். வெட்டிய மண் தூர்க்கப் போதுமா, மிஞ்சுமா என்பதை முன்னரே கணிக்கவேண்டும். சீனர் சொன்ன நான்கு, ஐந்து, மூன்று என்பது போன்ற விகிதத்தை ஒவ்வொரு நிலத்துக்கும் தனியே அறியவேண்டும்; களிமண்ணுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, பாறைக்கு வேறொன்று.

நில அளவைப் பாடநூல்கள் இதற்கு மூன்று வழிகளைக் கற்பிக்கின்றன. நடுவெட்டுப் பரப்பை நீளத்தால் பெருக்குவது ஒன்று. இருமுனைப் பரப்புகளின் சராசரியைப் பெருக்குவது இரண்டு. இருமுனைப் பரப்புகளோடு நடுப்பரப்பின் நான்கு மடங்கைக் கூட்டி, ஆறால் வகுத்துப் பெருக்குவது மூன்று. முதல் வழி பிரமகுப்தரின் நடைமுறை அளவு, இரண்டாவது அவரது பருவளவு, மூன்றாவது நுண்ணளவு. பாஸ்கரரின் ஆறால் வகுக்கும் விதியும் மூன்றாவதே. ஐரோப்பியப் பொறியாளர் வடநூலைப் பார்த்து எழுதினர் என்று இதனால் கொள்ளவேண்டா. பள்ளத்தின் வடிவம் எங்கும் ஒன்றாதலின், அதனை நேர்மையாக அளக்க முயன்றோர் ஒரே விடையில் சந்தித்தனர் என்பதே பொருத்தம்.

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன்பின் இந்நாட்டில் போடப்பட்ட பாதைகளிலும் சாலைகளிலும் மண்வெட்டி பிடித்த கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்துக்குப் புலாவ் ஊபினிலும் புக்கித் தீமாவிலும் கல் உடைக்கப்பட்டது. கல்லுக்கும் மண்ணின் விதி உண்டு. மலையில் ஒன்றாக இருந்த பாறை, உடைத்துக் குவித்தால் இடைவெளிகளோடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மலையில் அளந்த கல், படகில் அளந்த கல், கடலில் அமர்ந்த கல் மூன்றும் மூன்று எண்கள்.

ஒரு நாட்கூலி

மேற்கண்ட 54, 56, 60 என்னும் எண்களைக் கூலியாக மாற்றிப் பார்த்தால் இவ்வரலாற்றின் பொருள் விளங்கும். 56 வெட்டியவனுக்கு 54க்குக் கூலி கொடுத்தால், 28 நாள் உழைத்தவன் 27 நாள் கூலி பெறுகிறான். 60க்குக் கொடுத்தால், 14 நாள் வேலைக்கு 15 நாள் கூலி போகிறது. அளப்பவன் பொய் சொல்லவில்லை, கயிற்றைச் சுருக்கவில்லை, எண்ணை மாற்றவில்லை. சராசரி என்னும் பழகிய வழியில் சென்றான்; அவ்வளவே. ஆயினும் ஒருவன் ஒரு நாட்கூலியை இழந்தான். எழுத்தறியாத் தொழிலாளிக்குத் தான் இழந்தது எந்த மூலையில் என்பதுகூடத் தெரியாது.

அளவில் ஐயம் எழாதிருக்க வேலைக்களத்தார் கண்ட முறை ஒன்று இந்தியப் பொதுப்பணித் துறை வேலைகளில் வழங்கிவருகிறது. மண் வெட்டும் பள்ளத்தில் நடுநடுவே சில திட்டுகளை வெட்டாமல் விட்டுவைப்பர். திட்டின் உச்சியில் பழைய புல்தரை அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் உச்சியிலிருந்து அடிவரை அளந்தால், வெட்டியவனும் கூலி கொடுப்பவனும் ஒருங்கே ஆழத்தைக் காணலாம். அளந்தபின் திட்டுகளை வெட்டி நீக்குவர். திட்டுகள் மேட்டில் மட்டும் நின்றால் அளவு கூடும். தாழ்வில் மட்டும் நின்றால் குறையும். ஆதலால் பலவிடத்தில் அளந்து சராசரி காண்க என்ற பாஸ்கரரின் சொல் இங்கும் பொருந்துகிறது.

நிலம், பொன், நெல் ஆகியவற்றின் கணக்குகளைச் செய்யுளில் வகுத்துத் தந்த 'கணக்கதிகாரம்' பிறந்த மொழி தமிழ். அம்மொழியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் கன அளவைப் பாடத்தை வாய்பாடாக மட்டும் நிறுத்திவிடாமல், அதன் பின்னுள்ள மனிதனையும் காட்டலாம். களிமண்ணிலோ முள்ளங்கியிலோ ஒரு கட்டி, நான்கு ஆப்பு, நான்கு கூம்பு செய்து மாணவர் கையில் கொடுத்தால் 56 எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களே காண்பர். பள்ளித் தோட்டத்தில் ஒரு குழி வெட்டி, எடுத்த மண்ணைக் கூடையால் எண்ணி, மீண்டும் கொட்டி மிதிக்கச் செய்தால் மண் கூடுவதும் குறைவதும் கண்முன் தெரியும். அதன்பின் ஒரு வினா கேட்கலாம்: இந்தக் குழியை வெட்டியவனுக்குக் கூலி கொடுக்க வேண்டுமானால், எங்கே நின்று அளப்பது நியாயம்?